கிராஞ்சியில் சூரியன் இறங்கிய பிறகு

அன்று மாலை சிங்கப்பூரின் கிராஞ்சி நீர்த்தேக்கக் கரையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெண், கவிதா. முதியோர் இல்லமொன்றில் தாதி. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம்.

மாப்பிள்ளை, பிரகாஷ். சிங்கப்பூரில் பிறந்தவர். பொங்கோலில் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அத்தை. தாய் தகப்பன் இல்லாத பிரகாஷை வளர்த்தவர் அவர்தான். எல்லோரும் பெரியத்தை என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெண்ணின் அப்பா, முத்தையா. கட்டட வேலை. கிராஞ்சித் தொழிலாளர் விடுதியில் இருந்தவர். வேலை பெர்மிட் முடிந்துவிட்டது. அன்று இரவு விமானம்.

வேலு. முத்தையாவின் அறைத்தோழர், லாரி ஓட்டுபவர். அவரை விமான நிலையத்தில் விடுவதற்காக முதலாளியிடம் கெஞ்சி லாரியைக் கொண்டுவந்திருந்தார்.

ரஹீம். வீடியோ எடுப்பவர். என்னோடு பல கல்யாணங்கள் பார்த்தவர்.

கடைசியாக நான். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் மாடிப்படி ஏறினால் என் போட்டோ ஸ்டூடியோ. இப்போது அது இல்லை. நானும் வேலையை விட்டுவிட்டேன்.

கேமராவோடு புதிதாக இறங்கியிருக்கும் நீங்கள் என்னைப் பார்த்தால் வானத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அந்தி வானத்தை எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படி மெருகேற்றுவது. எந்த லென்ஸ், எந்த எண் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கும். நான் அந்த ஒரு மாலையை மட்டும் சொல்கிறேன்.

நிச்சயம் என்றால் மண்டபம், தாம்பூலம், பந்தி என்று இருக்கும். இதற்கு நேரம் இல்லை. இரண்டு வீட்டுப் பேச்சும் முடிவதற்குள் முத்தையாவின் பெர்மிட் முடிந்துவிட்டது. மகள் விரலில் மோதிரம் ஏறுவதைப் பார்த்துவிட்டு விமானம் ஏற வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான். பெரியத்தை அரை மனதாகத்தான் சரி என்றிருக்கிறார். விடுதிக்குப் பக்கம் என்பதால் கிராஞ்சி. அந்தி வானம் பின்னால் இருக்க வேண்டும் என்பது பிரகாஷின் ஆசை.

வரும் வழியில் கவிதா என் காதருகே சொன்னாள்.

"இன்னைக்கு விட்டா பெரியத்தை மனசு மாறிடும்க்கா. அப்பாவும் போயிடுவாரு. அப்புறம் எனக்காகப் பேச இங்க யாரும் இல்ல."

நான் பை திறந்து பேட்டரியைப் பார்த்தேன்.

தீபாவளி முடிந்த ஞாயிறு. அந்த மாதத்தில் இங்கே சூரியன் ஏழுக்குக் கொஞ்சம் முன்பே இறங்கிவிடும். பிரகாஷ் போனில் ஒரு படம் காட்டியிருந்தார். தூக்கிப் பிடித்த மோதிரம், அதன் வட்டத்துக்குள் சூரியன். அது வேண்டும் என்றார். சூரியன் தண்ணீரைத் தொடுவதற்கு முன் எடுக்க வேண்டிய படம். ஆறு மணிக்கு எல்லோரும் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன்.

ஆறேகாலுக்குத்தான் எல்லோரும் வந்து சேர்ந்தோம். முத்தையா புதுச் சட்டை போட்டிருந்தார். கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. அவருடைய பெட்டிகள் நைலான் கயிறு கட்டி லாரியின் பின்னால் கிடந்தன. நான் விளக்கை ஸ்டாண்டில் பொருத்தி நிறுத்தினேன். பிரகாஷ் மோதிரப் பெட்டியை வெளியே எடுத்தார்.

பெரியத்தை அவர் கையைப் பிடித்தார்.

"இருடா. இப்பவா போடப் போற?"

"ஆமா அத்தை. சன் போறதுக்குள்ள எடுக்கணும்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைலா. ஏழு மணி வரைக்கும் ராகு காலம். யாரு இந்த டைம் குறிச்சது?"

முத்தையா முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். அன்றைய தேதித் தாள், தினசரிக் காலண்டரில் கிழித்தது.

"நாந்தாம்மா பாத்துச் சொன்னேன். ஆறு மணிக்கே முடிஞ்சிருச்சு. இந்தா, போட்டுருக்கான் பாருங்க."

பெரியத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு காலண்டர்?"

"நம்ம ஊருதாம்மா. வருசா வருசம் வீட்லேருந்து யாருகிட்டயாச்சும் குடுத்து விடுவாக."

"அது இந்தியா டைம். இங்க சூரியன் வர்றதே ஏழு மணிக்கு. எல்லாத்தையும் ஒரு மணி நேரம் தள்ளித்தான் பாக்கணும். இது கூடவா தெரியாது?"

"பதினெட்டு வருசமா இதத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதான் பதினெட்டு வருஷமா டார்மிட்டரியிலயே இருக்கீங்க."

சொன்ன பிறகு அவருக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும்.  ஆனால் சொல்லியாகிவிட்டது.

"அத்தை!" என்றார் பிரகாஷ்.

"நான் தப்பாச் சொல்லல. எனக்குப் போட்ட மோதிரத்துக்கு யாரும் நேரம் பாக்கல. எத்தனை வருஷம் இருந்தாரு உங்க மாமா? நீ பாத்தேல்ல?"

முத்தையா தாளை வாங்கினார். அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்தார். மகளை அவர் பார்க்கவில்லை.

"வேலு, வண்டிய எடுப்பா."

கவிதா அழவில்லை. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றக் கை கொண்டுபோனாள். 

இதுபோன்ற இடத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. கூலிக்கு வந்தவர்கள். இரண்டு வீட்டுச் சண்டையில் எந்தப் பக்கம் பேசினாலும் மற்றப் பக்கம் நம்மைத் தின்றுவிடும். பெரியத்தை சொன்னது சரி என்று நான் சொன்னால் முத்தையா லாரி ஏறிவிடுவார். ஆறு மணிக்கே முடிந்துவிட்டது என்று சொன்னால் பெரியத்தை போய்விடுவார். நான் மேற்கே பார்த்தேன். தலைக்கு மேலே மேகம் தடித்துக் கிடந்தது. வடக்கே, மலேசியாவின் ஜொகூர்ப் பக்கம், கறுத்து வந்துகொண்டிருந்தது. மேற்கே தண்ணீர் முடியும் இடத்தில் மட்டும், மேகத்துக்கும் மரத்துக்கும் நடுவில், ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

அந்த விரல் அகலத்தைத்தான் நீங்கள் பார்க்கப் பழக வேண்டும். மேலே எவ்வளவு மேகம் இருந்தாலும் பரவாயில்லை. அடிவானம் திறந்திருந்தால், சூரியன் கீழே போன பிறகு அதன் வெளிச்சம் மேகத்தின் அடிப்பக்கத்தில் வந்து படும். அப்போதுதான் வானம் பற்றிக்கொள்ளும். அடிவானம் மூடியிருந்தால் ஒன்றும் வராது. இதுவும் நிச்சயம் இல்லை. பத்துக்கு ஆறு ஏழு தடவை வரும்.

"யாரும் எங்கயும் போக வேணாம். எனக்கு ஏழு மணிக்கு மேலதான் படம்" என்றேன்.

பிரகாஷ் திரும்பினார். "நீங்கதானேக்கா சன் இருக்கறப்பவே எடுக்கணும்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வானத்தப் பாத்துட்டுச் சொல்றேன். இந்தச் சூரியன் சரியில்ல. அது போகட்டும், அதுக்கப்புறம்தான் கலர் வரும். படம் என் பொறுப்பு. எனக்காக நில்லுங்க."

முத்தையாவைப் பார்த்தேன். "அண்ணே, நீங்களும்தான்."

ஏழு மணி வரை நிற்பதற்கு இப்போது காரணம் எந்தக் காலண்டரும் இல்லை, என் கேமரா. நின்றால் யாருக்கும் தோல்வி இல்லை. பெரியத்தை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கவிதா மாலையிலிருந்து கையை எடுத்தாள்.

ரஹீம் என் பக்கம் வந்து குனிந்தார்.

"அக்கா, உண்மையிலயே வருமா?"

"தெரியாது."

"வரலன்னா?"

"நம்மதான் மாட்டுவோம்."

"நம்மளா? நான் வீடியோக்கா. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

வேலு லாரியிலிருந்து கத்தினார். "அக்கா, ஏழேகாலுக்கு வண்டி நகரணும். ஃபிளைட்ட விட்டா மாமா என் ரூமுக்குத்தான் வரணும். அங்கயும் படுக்க முடியாது. அவரு பெட்டுக்கு மத்தியானமே ஆளு வந்தாச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

இடி முதலில் தூரத்தில் கேட்டது. அடுத்தது பக்கத்தில். நான் விளக்கு ஸ்டாண்டை மடக்கினேன். திறந்த வெளியில் மின்னும்போது இரும்பை நட்டுக்கொண்டு நிற்பவன் போட்டோகிராஃபர் அல்ல, முட்டாள். எவ்வளவு நல்ல வானமாக இருந்தாலும் சரி, கூப்பிட்டு வந்தவர்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது முதல் வேலை. எல்லோரையும் கரையோரம் இருந்த கூரைக்குள் போகச் சொன்னேன். நாலு தூண், ஒரு ஓட்டுக்கூரை, ஒரு பெஞ்சு. தூறல் ஆரம்பித்தது.

பெஞ்சு ஈரமாக இருந்தது. பெரியத்தை பட்டுப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இடி என்றால் பயம் போலிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தோள் குலுங்கியது. முத்தையா தூறலில் லாரிக்குப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். பெஞ்சில் விரித்தார்.

"உக்காருங்கம்மா. கால் வலிக்கும்."

பெரியத்தை உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, முத்தையா பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"உங்க வீட்ல ஏர்போர்ட்டுக்கு வந்துருவாங்களா?"

"திருச்சிக்கெல்லாம் வரமாட்டாகம்மா. பஸ் ஸ்டாண்டுல நிப்பாக. எப்ப போனாலும் அங்கதான் நிப்பாக."

"மழையா இருந்தா?"

"மழையா இருந்தாலும்."



சூரியன் அந்த விரல் அகலத்துக்குள் வந்தது. கொஞ்ச நேரம் செம்மஞ்சளாக நின்றது. பிரகாஷ் கையில் பெட்டியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தார். அவர் கேட்ட படம் கண்முன்னால் இருந்தது. எட்டு அடி நடந்து கையைத் தூக்கினால் போதும். அவர் அத்தையைப் பார்த்தார், முத்தையாவைப் பார்த்தார், நகரவில்லை. அந்தப் பையன்மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

சூரியன் இறங்கிவிட்டது.

வானம் சாம்பலாகிவிட்டது. தண்ணீரும் சாம்பல். தூறலும் சாம்பல். அடுத்த கரையில் ஆட்கள் குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ரஹீம் மூடியை எடுத்து லென்ஸில் வைக்கப் போனார்.

"மூடாத" என்றேன்.

"இருட்டிட்டு வருதுக்கா."

"மூடாதன்னு சொன்னேன்ல."

பெரியத்தை எழுந்தார். "இதுக்குத்தான் இவ்வளவு நேரம் நின்னோமா?"

  இந்தச் சாம்பல் நேரத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பையைக் கட்டுவார்கள். வானம் பார்ப்பவர்களுக்கு மிகவும் கெட்ட நேரம் இதுதான். வரும் என்று சொல்லியிருப்பீர்கள், வந்திருக்காது. ஆட்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது முகத்தில் ஒன்றையும் காட்டாதீர்கள்.

மணி ஏழு ஆனது. லாரியின் ஹாரன் ஒரு தடவை அடித்தது.

"மணி ஆச்சு. மோதிரத்த எடுங்க" என்றேன்.

"வானம்?" என்றார் பிரகாஷ்.

"அது வரும்போது வரட்டும். உங்க மாமனார் போகணும்."

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. விளக்கு இல்லை. கூரைக்குள் இருட்டு. அவர்களை மேற்குக்கு முதுகு காட்டி நிறுத்தினால் முகம் கரியாக இருக்கும். எப்படியாவது எடுப்போம் என்றுதான் கேமராவைத் தூக்கினேன். அப்போது முத்தையாவின் சட்டையைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. அதில் லேசாக ஒரு ரோஸ் ஏறியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மேகத்தின் அடி முழுவதும் பற்றிக்கொண்டிருந்தது. கீழே ஆரஞ்சு, மேலே போகப் போகச் சிவப்பு, தலைக்கு மேலே ஊதா. முப்பது வருடத்துக்கு மேலாக வானம் பார்த்தவள் நான். அப்படி ஒன்றை நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"அக்கா! வெளிய வாங்க, வெளிய நிக்க வைங்க!" ரஹீம் கத்தினார்.

நியாயமான பேச்சு. வாங்கிய வேலையும் அதுதான். மாப்பிள்ளை, பெண், பின்னால் வானம். ஆனால் வெளியே மின்னிக்கொண்டிருந்தது. வெளியே நிறுத்தினாலும் முகம் தெரியாது, இரண்டு நிழல்தான் கிடைக்கும். மகளின் நிழலைப் பார்க்கவா இந்த மனிதர் நிற்கிறார்?

"யாரும் வெளிய வராதீங்க. எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க. வானத்தப் பாத்து நில்லுங்க."

நான் மட்டும் கூரைக்கு வெளியே இரண்டு அடி இறங்கி, வானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். தூறல் கழுத்தில் இறங்கியது. வெளிச்சம் கூரைக்கு அடியில் நேராக நுழைந்து அவர்கள்மேல் விழுந்தது. தூண், பெஞ்சு, துண்டு, முகம், எல்லாம் ஒரே நிறம்.

முத்தையா தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். படத்தில் விழக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

பெரியத்தை பிரகாஷ் கையிலிருந்து பெட்டியை வாங்கினார்.  பிறகு தூணைப் பார்த்துச் சொன்னார்.

"அங்க ஏன் நிக்கிறீங்க? முன்னாடி வாங்க சம்பந்தி. நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

அதுவரை அவர் முத்தையாவை எந்த உறவும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை.

முத்தையா வந்தார். பெட்டியை வாங்கினார். திறக்க முடியவில்லை. கான்கிரீட் வேலை செய்த விரல்கள், அந்தச் சின்னக் கொக்கி அவருக்குப் பிடிபடவில்லை. பெரியத்தை நகத்தால் நெம்பித் திறந்து கொடுத்தார். அவர் மோதிரத்தை எடுத்துப் பிரகாஷ் உள்ளங்கையில் வைத்தார். பிரகாஷ் கவிதாவின் விரலில் போட்டார்.

"பாப்பா" என்றார் முத்தையா. 

"போயிட்டு வாங்கப்பா" என்றாள் கவிதா.

நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு சிவப்பு வடிந்தது. ஊதா. நீலம். லாரி இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. முத்தையா நடந்துபோய் முன் சீட்டில் ஏறினார். துண்டை மறந்துவிட்டார். பெரியத்தை அதை எடுத்துக்கொண்டு புடவையோடு தூறலில் ஓடி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். லாரி போன பிறகுதான் நான் வானத்தைப் பார்த்துத் திரும்பினேன். மிச்சமிருந்ததில் ஒன்று எடுத்துவைத்தேன்.

இனி மெருகேற்றுவது பற்றி. மறுநாள் கணினியில் போட்டபோது முகமெல்லாம் சிவந்து கிடந்தது. தோலின் நிறத்தைச் சரிசெய்யவா என்று மென்பொருள் கேட்டது. ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். முகங்கள் ஆபீஸ் விளக்கில் எடுத்தது போல ஆகிவிட்டன. பழையபடியே மாற்றிவிட்டேன். நிழல் விழுந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளுக்க வைத்தேன், தூணுக்குப் பக்கம் முத்தையாவின் கை தெரியும் அளவுக்கு. நிறத்தை நான் கூட்டவே இல்லை. நீங்கள் செய்கிற பெரிய தவறு அது. நல்ல வானம் கிடைத்தால் அதில் இன்னும் நாலு கரண்டி நிறம் ஊற்றுகிறீர்கள். கண் கூசுகிறதே தவிர நம்பத் தோன்றுவதில்லை. வேலை முடித்ததும் எழுந்துபோய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். பாதியைக் குறைப்பீர்கள்.

பிரகாஷ் ஸ்டூடியோவுக்கு வந்து பார்த்தார். நல்லா இருக்குக்கா என்றார். கொஞ்சம் தயங்கி, "பின்னாடி வானத்த வெச்சுக் குடுக்க முடியுமா?" என்றார். கடைசியாக எடுத்த அந்த ஒரு வானம் என்னிடம் இருந்ததே. வெட்டி ஒட்டிக் காட்டினேன். அவரே வேண்டாம் என்றார். ஏன் சரியில்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முகத்துக்கு முன்னாலிருந்து வெளிச்சம் அடிக்கிறது. வானத்தைப் பின்னால் வைத்தால் இரண்டு பக்கமும் சூரியன் இருந்தாக வேண்டும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. பொய் என்று மட்டும் தெரிந்துவிடும்.

வானம் சிவக்கும்போது எல்லோரும் வானத்தைத்தான் எடுப்பார்கள். நீங்கள் ஒரு தடவையாவது திரும்பி, அது யார்மேல் விழுகிறது என்று பாருங்கள்.

சில வாரம் கழித்துப் பெரியத்தை தேக்கா சந்தைக்கு வந்தவர் மாடிப்படி ஏறினார். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை. மூச்சு வாங்கியது. முத்தையா பெட்டி வாங்கும் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார். சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, தன் வீட்டுக்கு ஒன்று.

"அப்புறம் சின்ன சைஸ்ல கொஞ்சம் வேணும்லா. அவரு ரூம்ல கூட இருந்தவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும். நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போன் போட்டார். சம்பந்தி நல்லா இருக்கீங்களா, அங்க மழையா, சாப்பிட்டாச்சா எல்லாம் கேட்டார். பிறகு இதைக் கேட்டார். அந்தப் பக்கம் ஒவ்வொரு பெயராகச் சொல்வது எனக்கும் கேட்டது. பெரியத்தை விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஒரு கை போதவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த கையையும் எடுத்தார்.

நான் பில் புத்தகத்தைத் திறந்து காத்திருந்தேன்.

"பதினொண்ணு" என்றார்.